கட்டமும் அம்பும்

தமிழ்நாட்டில் எந்தப் பாலிடெக்னிக் வகுப்பறையில் லிங்க்டு லிஸ்ட் நடந்தாலும் கரும்பலகையில் ஒரே படம்தான் இருக்கும். இரண்டாகப் பிரித்த ஒரு கட்டம், அதன் வலப்பாதியிலிருந்து கிளம்பும் அம்பு, அம்பு போய்த் தொடும் அடுத்த கட்டம். கடைசிக் கட்டத்தில் நல். நானும் அதைத்தான் வரைகிறேன். ஆனால் வரைந்ததும் பக்கத்தில் ஒரு தேதியை எழுதிவிடுவேன்: பிப்ரவரி 1957. லாஸ் ஏஞ்சல்ஸில் நடந்த ஒரு கணினி மாநாட்டில் ஆலன் நியூவெல், கிளிஃப் ஷா இருவரும் அளித்த கட்டுரையில் அந்தப் படம் அச்சேறியது.

அந்த அம்புதான் பாயிண்டர். பாயிண்டர் என்றதும் பிள்ளைகளுக்கு வருகிற பயம் சின்டாக்ஸால் வருவதில்லை. 'இது எதற்கு?' என்ற கேள்விக்கு யாரும் பதில் சொல்லாததால் வருகிறது. பதில் வரலாற்றில் இருக்கிறது. அதனால் பாயிண்டரின் நட்சத்திரக் குறிக்கு முன்னால் நான் வரலாற்றைத்தான் நடத்துகிறேன்.

நியூவெல், ஷா, ஹெர்பர்ட் சைமன் மூவரும் தர்க்கத் தேற்றங்களை இயந்திரமே நிறுவ வேண்டும் என்று விரும்பினார்கள். எடுத்துக்கொண்டது 'பிரின்சிபியா மேத்தமேட்டிகா'வின் இரண்டாம் அத்தியாயம். கையில் இருந்தது சாண்டா மோனிகாவில் ரேண்ட் நிறுவனம் கட்டிய ஜானியாக் என்ற கணினி. ஒரு தேற்றத்தைத் துரத்தும்போது எத்தனை இடைப்படிகள் கிளைக்கும், எந்தக் கிளை பாதியில் பட்டுப்போகும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. அரே போட்டால் இடத்தை முதலிலேயே ஒதுக்கியாக வேண்டும். எவ்வளவு என்று தெரியாதபோது எதை ஒதுக்குவது? அவர்கள் கண்ட வழி இது: ஒரு நினைவக இடத்தில் இரண்டு முகவரிகளை வை. ஒன்று, பொருள் எங்கே இருக்கிறது என்று சொல்லட்டும். மற்றது, அடுத்தது எங்கே என்று சொல்லட்டும். பயன்படாத இடங்களையெல்லாம் காலியிடப் பட்டியல் என்று தனியே கோத்து வைத்தார்கள். வேண்டும்போது அதிலிருந்து எடுப்பது, வேலை முடிந்ததும் அதிலேயே திருப்பிப் போடுவது. அந்த அத்தியாயத்தின் முதல் 52 தேற்றங்களில் 38-ஐ இப்படி எழுதிய நிரல் நிறுவியது.

ஜானியாக்கில் நிரல் தயாராவதற்கு முன், 1956 ஜனவரியில் பிட்ஸ்பர்கில், சைமன் தன் மனைவியையும் மூன்று பிள்ளைகளையும் சில மாணவர்களையும் கூட்டி ஆளுக்கொரு அட்டை கொடுத்தார். அட்டையில் இருப்பது நிரலின் ஒரு பகுதி. ஒவ்வொருவரும் தன் முறை வரும்போது தன் பகுதியைச் செய்ய வேண்டும். மனிதர்களே இயந்திரமாக நின்று அந்த நிரல் ஓடியது. இதைப் படித்த பிறகு என் வகுப்பிலும் சீட்டு கொடுக்கத் தொடங்கினேன். ஒவ்வொரு சீட்டிலும் அடுத்தவருடைய ரோல் நம்பர். நடுவில் ஒருவரைப் புதிதாகச் சேர்க்க வேண்டும் என்றால் யாருடைய சீட்டை முதலில் திருத்துவது? முன்னால் நிற்பவரின் சீட்டை அழித்துவிட்டால் பின்னால் நிற்கும் அத்தனை பேரும் தொலைந்துபோவார்கள். புதியவரின் சீட்டில் அடுத்த எண்ணை எழுதிக்கொண்ட பிறகே பழைய சீட்டைத் தொட வேண்டும். கோடில் வெறும் இரண்டு வரி. வரிசை மாறினால் என்ன ஆகும் என்பதைக் கையில் சீட்டோடு நின்று பார்த்தவர்கள் மறப்பதில்லை.

நியூவெலுக்கும் சைமனுக்கும் 1975-இல் டூரிங் விருது கிடைத்தது. விருதுக்கான காரணங்களில் பட்டியல் முறையும் ஒன்று. ஷா அந்த விருதாளர்களில் இல்லை. நிரலை இயந்திரத்தில் ஓடவைத்த ரேண்ட் நிரலாளர் அவர். அவர் பெயரை விட்டுவிட்டு இந்தப் பாடத்தை நடத்தக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். கீவ் நகரத்தின் கத்தெரினா யூஷ்செங்கோவையும் அப்படித்தான் நினைக்கிறேன். 1955-இலேயே முகவரியின் வழியாக முகவரிக்குப் போவதை மொழியின் அடிப்படைச் செயலாக வைத்து 'முகவரி மொழி'யை உருவாக்கியவர் அவர். பிஎல்/1 மொழியில் பாயிண்டர் மாறியைக் கொண்டுவந்த ஹரோல்ட் லாசனுக்கு 2000-இல் ஐஇஇஇ விருது வந்தது. எதையும் சுட்டாத முகவரி, அதாவது நல், 1965-இல் டோனி ஹோர் அல்கால் டபிள்யூ மொழியில் வைத்தது. அதை வைத்திருக்கவே கூடாது என்று 2009-இல் அவரே சொன்னார்.

இனி சி. என் மாணவர்கள் மிக அதிகமாகக் கேட்கும் கேள்வி, 'அரேயும் பாயிண்டரும் ஒன்றா, வேறா?' விடை நியூ ஜெர்சியின் மர்ரே ஹில்லில், பெல் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறது. சி-க்கு முன்னால் கென் தாம்ப்சன் செய்த பி மொழி. அதில் டைப் கிடையாது. நினைவகம் என்பது வரிசையாக எண்ணிட்ட வேர்டுகள், பாயிண்டர் என்பது அந்த வரிசையில் ஓர் எண், அவ்வளவுதான். ஓர் அரேயை அறிவித்தால் உறுப்புகளுக்கு ஓர் இடமும், முதல் உறுப்பின் முகவரியை வைத்துக்கொள்ளத் தனியாக இன்னோர் இடமும் ஒதுக்கப்படும். பிறகு பிடிபி-11 வந்தது. அது பைட் கணக்கில் முகவரி கொடுக்கும் இயந்திரம். பி-யின் வேர்டு எண்ணை ஒவ்வொரு முறையும் பைட் முகவரியாக மாற்ற வேண்டியிருந்தது. எழுத்துக்கு ஒரு பைட், இன்டுக்கு இரண்டு பைட் என்று கம்பைலருக்கே தெரிந்திருந்தால் இந்தத் தொல்லை இல்லை. டென்னிஸ் ரிட்சி டைப்பைக் கொண்டுவந்தார். பாயிண்டரோடு ஒன்றைக் கூட்டினால் அது ஒரு பைட் நகராமல் ஓர் உறுப்பு நகர்வது இதனால்தான்.

அடுத்தது ஸ்ட்ரக்சர். யுனிக்ஸில் ஒரு டைரக்டரிப் பதிவு 16 பைட்: கோப்பின் எண்ணுக்கு 2, பெயருக்கு 14. இதை அப்படியே ஒரு ஸ்ட்ரக்சராக எழுத ரிட்சி விரும்பினார். பி-யின் வழக்கப்படி அந்த 14 எழுத்து அரேக்கு ஒரு மறைமுக முகவரியும் வேண்டும். அதை எங்கே வைப்பது? வட்டில் இருக்கும் 16 பைட்டில் அதற்கு இடமில்லை. இங்கேதான் ரிட்சி அந்த முடிவை எடுத்தார்: முகவரியை எங்கேயும் சேமிக்க வேண்டாம், அரேயின் பெயர் ஒரு கோவையில் வரும்போது மட்டும் அது முதல் உறுப்பின் முகவரியாக மாறட்டும். சேமித்த இடமே இல்லை என்பதால்தான் அரேயின் பெயருக்கு எதையும் அசைன் செய்ய முடிவதில்லை. இந்த 16 பைட்டைப் பலகையில் கட்டம் போட்டுக் காட்டிய பிறகு, அந்தக் கேள்வியை யாரும் என்னிடம் இரண்டாம் முறை கேட்டதில்லை.

ஸ்ட்ரக்சர் எவ்வளவு தேவைப்பட்டது என்பதற்கு ஒரு சான்று: 1972-இல் தாம்ப்சன் யுனிக்ஸை சி-யில் எழுதப் பார்த்துவிட்டுக் கைவிட்டார். ஸ்ட்ரக்சர் சேர்ந்த பிறகு, 1973 கோடையில், அதே வேலை முடிந்தது.

1978-இல் கெர்னிகனும் ரிட்சியும் எழுதிய புத்தகம் வந்தது. நம் ஊரில் பெரும்பாலானவர்கள் சி படித்தது பாலகுருசாமியின் புத்தகத்திலும் டர்போ சி-யின் நீலத் திரையிலும்தான். நானும் அப்படித்தான் படித்தேன், அந்தப் புத்தகத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் கெர்னிகன்-ரிட்சியின் எட்டாம் அத்தியாயத்தில் இருக்கும் ஒரு நிரலை ஒவ்வொரு மாணவரும் ஒரு முறையாவது வாசிக்க வேண்டும். நினைவகத்தில் இடம் ஒதுக்கித் தரும் மாலாக் எப்படி வேலை செய்கிறது என்பதை அவர்கள் அங்கே எழுதிக் காட்டுகிறார்கள். லிங்க்டு லிஸ்ட் கட்ட மாலாக் வேண்டும் என்று நாம் படிக்கிறோம். அந்த மாலாக்கின் உள்ளேயே ஒரு லிங்க்டு லிஸ்ட் இருக்கிறது: காலித் துண்டுகளை முகவரி வரிசையில் கோத்து, கடைசித் துண்டு முதல் துண்டைச் சுட்டும் வட்டமான பட்டியல். ஜானியாக்கின் காலியிடப் பட்டியலுக்கு அது நேர் வாரிசு.

அந்தப் பகுதி எங்கள் பாடத்திட்டத்தில் இல்லை. பருவத்தின் கடைசி வாரம், ரெக்கார்டு நோட்டுகளில் கையெழுத்துப் போட்டு முடித்த பிறகு, விருப்பமுள்ளவர்களை லேபில் உட்காரவைத்து அதை வரிவரியாக நடத்துகிறேன். ஃப்ரீ செய்த துண்டுக்குப் பக்கத்துத் துண்டும் காலியாக இருந்தால் இரண்டும் எப்படி ஒரே துண்டாகின்றன என்பதை மட்டும் நான் சொல்வதில்லை. அதை அவர்களே காகிதத்தில் போட்டுப் பார்க்க வேண்டும்.