பாசியல்ல, பன்னம்: எங்கள் குளத்தை மூடிய சல்வீனியாவின் வரலாறு



எதிர்வரும் சனிக்கிழமை குளத்தடியில் சிரமதானம் என்று பள்ளிவாசலில் அறிவித்துவிட்டார்கள். அல்ஹம்துலில்லாஹ், நல்ல காரியம். மண்வெட்டியோடு வருவதற்கு முன்னர் இந்தப் பதிவை ஒருமுறை வாசித்துவிட்டு வாருங்கள். கொஞ்சம் நீளம்தான்.

குளத்தை மூடியிருப்பது என்னவென்று வகுப்பில் கேட்டோம். "பாசி சேர்" என்றார்கள் பாதிப் பேர். "ஜப்பான் ஜபரா" என்றார்கள் மீதிப் பேர். இரண்டும் பிழை. அது பன்னம். மலைநாட்டு ஓடைக்கரையில் காணும் பன்னங்களின் உறவுதான், ஆனால் மண்ணைத் தொடாமல் தண்ணீரில் மிதந்தே வாழும். பெயர் சல்வீனியா.

ஒரு செடியைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு கணுவிலும் மூன்று இலைகள். இரண்டு மேலே மிதக்கும். மூன்றாவது தண்ணீருக்குள் தொங்கி, வேர் போலவே நாராகக் கிடக்கும். உண்மையான வேர் இதற்குக் கிடையாது. மேல் இலைகளில் நுண்ணிய மயிர்கள் நான்கு நான்காக நுனியில் சேர்ந்து, முட்டை அடிக்கும் கம்பி போல நிற்கும். அதனால்தான் எவ்வளவு மழை பெய்தாலும் இலை நனைவதில்லை.

இதன் சொந்த ஊர் தென்கிழக்குப் பிரேசில். இங்கே எப்படி வந்தது?

ஜப்பான் விமானிகள் குளங்களைத் தரையென்று நினைத்து ஏமாறட்டும் என்று வெள்ளைக்காரன் யுத்தக் காலத்தில் போட்டான் என ஒரு கதை எங்கள் பெரியவர்களிடம் உண்டு. ஜபரா என்று சொல்லப்படுவது ஆகாயத்தாமரை. அதைக் கட்டுப்படுத்த இலங்கையில் 1909ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் கொண்டுவரப்பட்டுவிட்டது. ஜப்பான் விமானங்கள் கொழும்பின் மேல் குண்டு போட்டது 1942 ஏப்ரலில். கதைக்கும் காலத்துக்கும் பொருந்தவில்லை.

சல்வீனியா வந்த வழி வேறு. 1939இல் கொழும்பில் தாவரவியல் படிப்பிப்பதற்காகப் பல்கலைக்கழகக் கல்லூரிக்குக் கொண்டுவந்தார்கள். ஆம், எங்களைப் போன்ற ஆசிரியர்களின் வேலைதான்! மாணவருக்குக் காட்டக் கொண்டுவந்த செடி சில வருடங்களில் வெளியே தப்பிவிட்டது. 1950களின் நடுப்பகுதியில் ஏறத்தாழ 22,000 ஏக்கர் வயலிலும் 2,000 ஏக்கர் நீர்நிலைகளிலும் பரவியிருந்தது. 1952இல் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அரசு இதைத் தீங்கான களையாக அறிவித்தது.

இத்தனை வேகம் எப்படி? இது வித்தியால் பெருகுவதில்லை. வித்திகள் மலடு. உடைந்த துண்டு ஒவ்வொன்றும் புதுச் செடியாகும். சூடும் பசளையும் உள்ள தண்ணீரில் இரண்டு மூன்று நாளில் இரட்டிப்பாகும். பாய் தடித்தால் கீழே வெளிச்சமும் காற்றும் இல்லை, மீன் வாழாது. தோணி ஓடாது, வலை வீச முடியாது. வாய்க்கால் அடைபட்டால் கடைசி வயலுக்குத் தண்ணீர் போய்ச் சேராது. யானைக்கால் நோயைப் பரப்பும் மன்சோனியா நுளம்பின் குடம்பிகள் நீர்த்தாவரங்களின் வேரில் குத்திக்கொண்டு சுவாசிப்பவை. அவற்றுக்கும் இது வீடு.

வாரினார்கள், மருந்து அடித்தார்கள். ஒழியவில்லை.

இனித்தான் நாம் மாணவருக்குக் கட்டாயம் சொல்ல வேண்டிய பகுதி. நீண்ட காலமாக உலகம் முழுவதும் இந்தச் செடியை 'சல்வீனியா ஒரிகியூலாட்டா' என்ற வேறோர் இனமென்றே எண்ணியிருந்தார்கள். அதனால் இதன் எதிரிப் பூச்சியையும் பிழையான செடியில் தேடினார்கள், பிழையான பூச்சியை விட்டார்கள். 1972இல் மிட்செல் என்ற ஆய்வாளர் இது தனி இனம் என்று காட்டி, 'சல்வீனியா மொலெஸ்டா' என்று பெயர் வைத்தார். பெயர் திருந்தியதும் தேடும் இடமும் திருந்தியது. 1970களின் இறுதியில் பிரேசிலில் இதன் உண்மையான தாயகத்தைக் கண்டுபிடித்தார்கள். அங்கே இதையே தின்று வாழும் ஒரு கறுப்பு வண்டு இருந்தது. நீளம் 2 மில்லிமீற்றர்தான். பெரிய வண்டு மொட்டைத் தின்னும், புழு தண்டைத் துளைக்கும்.

1980இல் அவுஸ்திரேலியாவின் மூண்டாரா ஏரியில் அந்த வண்டை விட்டார்கள். அடுத்த வருடமே ஏரி வெளுத்துவிட்டது. பப்புவா நியூ கினியின் செபிக் ஆற்றிலும் அப்படியே. இலங்கைக்கு வண்டு வந்தது 1986இல். பல குளங்களில் பச்சைப் பாய் பழுப்பாகி அமிழ்ந்தது. இலங்கையில் கிடைத்த பயன் செலவைப் போல 50 மடங்குக்கு மேல் என்று பின்னர் கணக்கிட்டார்கள். இவ்வளவும் ஒரு பெயரைச் சரியாகச் சொன்னதால் வந்த பரக்கத்!

பன்னமெல்லாம் பகை என்று நினைத்துவிடாதீர்கள். சல்வீனியாவின் சொந்தக்காரியான அசோலாவை வியட்நாமிலும் சீனாவிலும் பல நூற்றாண்டுகளாக வயலுக்குப் பசளையாக இட்டு வந்திருக்கிறார்கள். காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்துத் தரும் நுண்ணுயிர் அதன் இலைக்குள் குடியிருக்கிறது. எங்கள் நாட்டிலேயே கண்டல் ஓரத்தில் வளரும் கெரன் கொக்குப் பன்னத்தின் இளங்குருத்தைக் கறியாக்கிச் சாப்பிடுகிறார்கள். எதை எங்கே வைப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

ஆகவே சனிக்கிழமைக்கு நான்கு வேண்டுகோள்கள்.

1. மருந்து அடிக்க வேண்டாம். அந்தத் தண்ணீரில்தான் எங்கள் பிள்ளைகள் குளிக்கிறார்கள், மாடுகள் குடிக்கின்றன. செடி செத்து அழுகினால் மீனும் சாகும்.

2. வாரியதைக் குளக்கட்டின் ஓரத்தில் குவிக்க வேண்டாம். ஒரு மழை போதும், எல்லாம் திரும்பிவிடும். தூரமாக உயரத்தில் போட்டுக் காயவிட்டால் கூட்டெருவாகும்.

3. மொட்டு கருகி, தண்டு துளைபட்ட செடிகளைக் கண்டால் அந்தப் பகுதியை வாராமல் விடுங்கள். வண்டு அங்கே இருக்கலாம். விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுவோம்.

4. வீட்டு மீன் தொட்டியில் மிதக்கும் செடியை வாய்க்காலில் கொட்டாதீர்கள். 1939இல் கொண்டுவந்ததும் பார்ப்பதற்கு அழகான ஒரு சின்னச் செடிதான்.

கொண்டுவந்தவர்கள் கெட்ட எண்ணத்தில் கொண்டுவரவில்லை, கவனமாக இருக்கவில்லை, அவ்வளவுதான். பிள்ளைகளையும் சனிக்கிழமை கூட்டிக்கொண்டு வாருங்கள். ஒரு செடியைக் கையில் கொடுத்து, "இது பாசியல்ல மகன், பன்னம்" என்று சொல்லிக் கொடுப்போம்.

குளத்தடியில் சந்திப்போம், இன்ஷா அல்லாஹ்.