காந்தா: தடயம் விடாத சிக்கனம்

தமிழில் ‘கந்தை’ என்றால் கிழிந்த துணி. வடமொழியின் ‘கந்தா’வும் வங்க மொழியின் ‘காந்தா’வும் அதன் உறவுச் சொற்கள். வங்காளத்தில் அச்சொல் பழந்துணிகளை அடுக்கித் தைத்த போர்வைக்குப் பெயராயிற்று. இன்று கலை வரலாற்று நூல்களில் இடம்பெறும் காந்தா, தோற்றத்தில் ஒரு வீட்டுச் சிக்கனம்.

உடுத்தி நைந்த பருத்திச் சேலைகளும் வேட்டிகளுமே அதன் மூலப்பொருள். பலமுறை துவைத்த துணி மென்மையாக இருப்பதால் பச்சிளங் குழந்தையைப் பொதிய ஏற்றது. குளிர்காலப் போர்வைக்குப் பல அடுக்குகள். விரிப்புக்கும் உறைக்கும் சில அடுக்குகளே போதும். நூலையும் பெரும்பாலும் விலை கொடுத்து வாங்கியதில்லை. பழஞ்சேலையின் கரையிலிருந்து உருவிய சிவப்பு, நீல, கறுப்பு இழைகள் ஊசியில் கோக்கப்பட்டன. அடுக்குகளைப் பிணைக்க வேண்டிய நேர்த்தையலே மெல்ல மெல்லத் தாமரையாகவும் மீனாகவும் தேராகவும் உருப்பெற்றது. வீட்டுவேலைகளுக்கு இடையே கிடைத்த நேரத்தில் பெண்கள் இதைத் தைத்தனர்.

20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் குருசதய் தத், ஸ்டெல்லா கிராம்ரிஷ் ஆகியோர் காந்தாக்களைத் திரட்டினர். தத்தின் சேகரிப்பு கொல்கத்தாவை அடுத்த ஜோகாவிலும், கிராம்ரிஷின் சேகரிப்பு பிலடெல்பியாவிலும் அருங்காட்சியகங்களில் உள்ளன. 1939இல் கிராம்ரிஷ் எழுதிய கட்டுரை காந்தாவை ஆய்வுலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தது. ஜோகாவில் உள்ள ஒரு காந்தாவில், அதைத் தந்தைக்காகத் தைத்த மானதசுந்தரி தன் பெயரையும் நூலால் பொறித்துள்ளார். பெயர் தெரிந்த இத்தகையோர் மிகச் சிலரே.

ஆய்வாளர் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடம் இதுவே. அருங்காட்சியகத்தை அடைந்தவை பெரும்பாலும் பரிசாகத் தைக்கப்பட்டு, பெட்டியில் பாதுகாக்கப்பட்ட சிறப்புக் காந்தாக்கள். அன்றாடக் காந்தா அவ்வாறு எஞ்சவில்லை. போர்வை கிழிந்தால் அதன்மேல் இன்னொரு துணி வைத்துத் தைத்தனர். அதுவும் நைந்தால் குழந்தைத் துணி, பிறகு கைப்பிடித்துணி, இறுதியில் தரை துடைக்கும் துணி. சிக்கனம் முழுமையாக வெற்றி பெற்ற வீட்டில் சான்றாக ஓர் இழைகூட மிஞ்சாது. எஞ்சியவற்றை மட்டும் கொண்டு எழுதப்படும் வரலாறு அழகைப் பதிவு செய்கிறது. குடும்பத்தின் செலவைக் குறைத்த கூலியற்ற உழைப்பை விட்டுவிடுகிறது.

இன்று பீர்பூம் மாவட்டப் பெண்கள் புதிய பட்டுச் சேலைகளில் இதே தையலைக் கூலிக்கு இடுகின்றனர். அவ்வுழைப்புக்கு, குறைவாயினும், ஒரு விலை உண்டு; கணக்கேட்டில் ஒரு வரியும் உண்டு. அவர்களுடைய பாட்டிமார் ஒட்டுப்போட்டு மிச்சப்படுத்திய காசு எந்தக் கணக்கேட்டிலும் ஏறவில்லை. ஆவணம் இல்லாத இடத்தில் உழைப்பும் இல்லை என்று கொள்வது பொருளாதார வரலாற்றின் பழைய பிழை. அதைத் திருத்த விரும்புவோர் கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும் காந்தாவைப் பார்க்கும்போது, தேய்ந்து மறைந்துபோன எண்ணற்ற காந்தாக்களையும் சேர்த்தே எண்ண வேண்டும்.