கோலாலம்பூரைத் தேடினால் கிடைக்கவில்லையா? திறமூலத் தேடல் கருவிக்குத் திருத்தம் கேட்பது எப்படி

நிரல் எழுதுவோர் ஆயிரக்கணக்கான கோப்புகளில் ஒரு சொல்லைத் தேட இன்று பரவலாகப் பயன்படுத்தும் கருவி ரிப்கிரெப். ஆண்ட்ரூ கேலன்ட் 2016இல் வெளியிட்ட திறமூலக் கருவி இது. மைக்ரோசாப்டின் விஎஸ் கோட் செயலியில் கோப்புகளுக்குள் தேடும்போது பின்னால் ஓடுவதும் இதுதான். 1970களில் கென் தாம்சன் எழுதிய கிரெப் இதன் முன்னோடி. நிரல்தான் வேண்டும் என்றில்லை. சங்க உறுப்பினர் பட்டியல், பள்ளி மலர் என எந்த உரைக் கோப்பிலும் தேடும்.

தமிழில் ஒரு சிக்கல் உண்டு. யூனிகோடில் 'கோ' என்ற எழுத்தை இரண்டு வகையாகச் சேமிக்கலாம். 'க'வுடன் ஓகாரக் குறி ஒன்றைச் சேர்ப்பது ஒரு வகை. 'கே' போட்டு அதன்பின் துணைக்கால் இடுவது இன்னொரு வகை. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கு வேறு வேறு. பழைய எழுத்துருக் கோப்புகளைச் சரியாக மாற்றாவிட்டால் இரண்டாம் வகை வந்துவிடும். அப்படிப்பட்ட கோப்பில் 'கிள்ளான்' என்று தேடினால் கிடைக்கும், 'கோலாலம்பூர்' கிடைக்காது. பிழைச் செய்தியும் வராது. பெயரே இல்லை என்று நம்பிவிடுவோம். அதுதான் ஆபத்து.

மற்ற கருவிகளில் வேறு கோளாறுகளும் உண்டு. பைத்தான் மொழியோடு வரும் தேடல் தொகுப்பிடம் 'தமிழ்' என்பதைச் சொல்லாகப் பிரிக்கச் சொன்னால், உயிர்மெய்க் குறியையும் புள்ளியையும் உதறிவிட்டு 'தம', 'ழ' என்று இரண்டு துண்டாகத் தரும்.

திருத்தம் கேட்க நிரல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கிட்ஹப் தளத்தில் இலவசக் கணக்கு போதும். கருவியின் பக்கத்தில் 'இஷ்யூஸ்' என்ற பகுதியில் இதே குறையை வேறு யாரும் சொல்லியிருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள், மூடப்பட்டவற்றையும் சேர்த்து. இல்லையென்றால் புதிதாக எழுதுங்கள்: கருவியின் பதிப்பு எண், கொடுத்த கட்டளை, கிடைத்தது, கிடைத்திருக்க வேண்டியது. இரண்டு வரி உள்ள சிறிய தமிழ்க் கோப்பையும் இணையுங்கள். எளிய ஆங்கிலம் போதும். தமிழ் படிக்கத் தெரியாத ஒருவர் அதைப் பார்க்கப் போகிறார், ஆகவே இரண்டு 'கோ'வுக்கும் யூனிகோட் எண்களைக் கொடுப்பது நல்லது. நிரல் தெரிந்தவர்கள் ஒரு நகல் எடுத்து, திருத்தி, சோதனையும் சேர்த்து 'புல் ரிக்வெஸ்ட்' அனுப்பலாம்.

எல்லாம் ஏற்கப்படும் என்று எண்ண வேண்டாம். எழுத்து வடிவங்களைச் சமப்படுத்தித் தேடுவது வேகத்தைக் குறைக்கும். ரிப்கிரெப்புக்கோ வேகம்தான் உயிர். அதன் அடியில் உள்ள தேடல் தொகுப்பின் ஆவணமே இந்த வசதி இல்லை என்று சொல்கிறது. என் கணிப்பில், பயனர் கையேட்டில் தமிழ் உதாரணத்தோடு ஒரு பத்தி சேர்க்கக் கேட்பதே எளிதில் நடக்கும்.

இதற்கிடையில் ஒரு வழி இருக்கிறது. ரிப்கிரெப்பில் 'ப்ரீ' என்றொரு தெரிவு உண்டு. ஒவ்வொரு கோப்பையும் தேடுமுன் நாம் சொல்லும் வேறொரு நிரலின் வழியாக அது அனுப்பும். அந்த நிரல் இரண்டு 'கோ'வையும் ஒன்றாக்கிவிட்டால் கோலாலம்பூர் கிடைத்துவிடும்.

முரசு அஞ்சல் தந்த முத்து நெடுமாறன் நம் நாட்டவர். தமிழ் இணைய மாநாடும் 2001இலும் 2013இலும் கோலாலம்பூரில் கூடியது. பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ கணினி படிக்கும் ஒரு பிள்ளைக்கு, அந்தச் சிறிய நிரல் ஒரு மாலை வேலைதான்.