தரைமேல் வானொலி அலைப் பரவல்: கணினிக் கணிப்பு

ஒலிபரப்புக் கோபுரத்திலிருந்து புறப்படும் அலை, மேடுபள்ளமான நிலத்தைத் தாண்டி ஓரிடத்தை எவ்வளவு வலுவுடன் அடையும் என்பதைக் கணினியால் மதிப்பிடும் முறை.

வரலாறு: மின்கடத்தும் தரைமேல் அலை பரவுவதற்கான கணிதத்தை ஆர்னால்டு சோமர்ஃபெல்டு 1909இல் வகுத்தார். 1968இல் அமெரிக்காவின் அனிதா லாங்லி, பிலிப் ரைஸ் இருவரும் மேடுபள்ள நிலத்துக்கான கணினி முறையை வெளியிட்டனர். 20 மெகாஹெர்ட்ஸ் முதல் 20 கிகாஹெர்ட்ஸ் வரை அது இன்றும் பயன்படுகிறது.

செய்முறை: இரு முனைகளுக்கு இடையிலான நில உயரங்களை வரிசையாக எடுத்து, பூமியின் வளைவையும் சேர்த்துக் குறுக்குவெட்டு வரையப்படுகிறது. நேர்ப்பார்வை இருந்தால் மட்டும் போதாது. அந்தப் பார்வைக்கோட்டைச் சுற்றியுள்ள, ஃபிரெனல் மண்டலம் எனப்படும் பகுதியும் பெரிதும் தடையின்றி இருக்க வேண்டும். மலேசியாவின் மின்னல் பண்பலை போன்ற வானொலி நிலையங்கள் இயங்கும் 100 மெகாஹெர்ட்ஸ் அளவில், 10 கிலோமீட்டர் பாதையின் நடுவே அம்மண்டலத்தின் ஆரம் சுமார் 87 மீட்டர். மலைமுகடு மறித்தால், அதன் விளிம்பில் அலை வளைந்து இறங்கும்போது ஏற்படும் இழப்பு கணக்கிடப்படுகிறது.

மலைநாட்டில்: மலேசியாவின் கேமரன் மலையின் வடபகுதியிலுள்ள கம்போங் ராஜா போன்ற ஊர்களுக்கு இக்கணிப்பு இன்றியமையாதது. 2,000 மீட்டரைத் தாண்டும் பிரிஞ்சாங் மலையுச்சியில் கோபுரம் இருந்தாலும், முகட்டின் மறுபுறத்துத் தோட்டக் குடியிருப்பு அலை நிழலில் விழலாம்.

வரம்பு: இக்கணிப்பு நில உயரத் தரவைச் சார்ந்தது. 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் ராடாரால் திரட்டிய உயரத் தரவு, அடர்காட்டில் மர உச்சியை ஒட்டிய உயரத்தையே காட்டும். ஆகவே களத்தில் அளந்து சரிபார்ப்பது அவசியம்.