உத்தரமேரூர்க் குடும்பும் நம்மூர் வார்டும்

2022-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 19-ஆம் நாள் நந்திவரம்–கூடுவாஞ்சேரி நகராட்சிக்கு முதன்முறையாகத் தேர்தல் நடைபெற்றது. பேரூராட்சியாய் இருந்த ஊர் அதற்கு முந்திய ஆண்டிலேதான் நகராட்சியாக உயர்த்தப்பெற்றது. உயர்த்தியபின் அதனை 30 வார்டுகளாக வகுத்தனர். வேட்பாளர் தெருத்தோறும் கைகூப்பி வந்த அந்நாள்களில், எம்மிடம் பயிலும் பிள்ளையொருவன், "ஐயா, ஊர் ஒன்றாய் இருக்க, அதனை முப்பதாக அறுப்பானேன்?" என்று வினவினான். வினா சிறிது, விடை சிறிதன்று. முப்பது என்னும் எண் காதில் விழுந்த அளவிலே எம் நினைவு செங்கற்பட்டுக்குத் தென்மேற்கே உள்ள உத்தரமேரூருக்குச் சென்றது. அவ்வூரையும் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னர் முப்பதாகவே வகுத்திருந்தனர்.

உத்தரமேரூர் வைகுந்தப்பெருமாள் கோயிற் சுவரில் முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள. ஒன்று அவனுடைய 12-ஆம் ஆட்சியாண்டினது, அஃதாவது கி.பி. 919, மற்றையது 14-ஆம் ஆண்டினது, கி.பி. 921. கல்வெட்டறிஞர் வெங்கையா அவர்கள் 1904–05-ஆம் ஆண்டுத் தொல்பொருள் துறை அறிக்கையில் இவற்றை விரித்துரைத்த பின்னர் இவற்றின் புகழ் பிற நாடுகளிலும் பரவிற்று. இக்காலத்து மேடையேறுவோர் எல்லாம் குடவோலை குடவோலை என்று முழங்குகின்றனர். முழங்கட்டும். ஆயினும், ஒரே சபை ஒரே பொருளைப்பற்றி இரண்டே ஆண்டு இடைவெளியில் ஏன் இருமுறை கல்லில் எழுதிற்று என்று கேட்பாரை யாம் மிகுதியும் கண்டிலோம். கல்லில் எழுதுதல் பலகையில் எழுதி அழிப்பது போன்றதன்று. முதல் ஏற்பாடு போதாதென்று கண்டாலன்றி இரண்டாவது எழுந்திராது. தீயோர் ஒழிந்து நல்லோர் தழைக்கும்பொருட்டே இவ்வேற்பாடு செய்ததாகச் சபையார் தாமே கூறிக்கொள்கின்றனர். அரசனுடைய ஆணையும் வந்தது; அரசனுடைய அலுவலரும் உடனிருந்தார்; எனினும் விதியை வகுத்தவர் சபையாரே.

குடும்பு என்பது ஊரின் ஒரு பகுதி. இக்கால வழக்கில் வார்டு எனலாம். ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையார் பெயரை ஓலையில் தனித்தனியே எழுதி, அக்குடும்பின் பெயர் தாங்கிய வாயோலை பூட்டிக் கட்டாகக் கட்டிக் குடத்தில் இடுவர். பாலர் முதல் விருத்தர் ஈறாக மகாசபை கூடியிருக்கும். ஊரில் உள்ள நம்பிமார் ஒருவரும் ஒழியாமல் வந்திருத்தல் வேண்டும். அவருள் முதியவர் ஒருவர் குடத்தை எல்லாரும் காண எடுத்து நிற்பார். ஒரு கட்டினை எடுத்து வேறொரு குடத்தில் இட்டுக் குலைத்து, உள்ளிருப்பது இன்னதென்று அறியாத சிறுவன் ஒருவனைக் கொண்டு ஓர் ஓலை வாங்குவர். அதனை ஏற்கும் மத்தியஸ்தன் ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையிலேயே ஏற்றல் வேண்டும். விரலிடுக்கில் வேறோலை ஒளித்து வைப்பாரும் அக்காலத்தில் இருந்தனர் போலும்! அவன் படித்தபின் நம்பிமார் எல்லாரும் படித்தல் வேண்டும். இங்ஙனம் குடும்புக்கு ஒருவராக முப்பதின்மர் அமைவர். இஃது இக்காலத்து வாக்களிப்பு அன்று, சீட்டெடுப்பே என்பதை அன்பர்கள் மறத்தலாகாது.

இரண்டாம் கல்வெட்டில் விதி இறுகியது. முன்னர் 30 வயதுக்கு மேல் 60-க்குள் என்றிருந்தது, பின்னர் 35-க்கு மேல் 70-க்குள் என்றாயிற்று. கால்வேலிக்கு மேற்பட்ட இறைநிலம், தன் மனையிலே கட்டிய வீடு, வேதக் கல்வி ஆகியவை உடையவனாதல் வேண்டும். கற்றோன் ஆயின் அரைக்கால்வேலி நிலமும் போதும். மூன்றாண்டுகளுக்குள் வாரியம் செய்தவன் மீண்டும் வரலாகாது. இவற்றினும் எம் உள்ளத்தைத் தொட்ட விதி ஒன்று உண்டு. முன்னர் வாரியம் செய்து கணக்குக் காட்டாது இருந்தவன் பெயர் குடத்தில் இடப்படாது. அவன் பெயர் மட்டுமோ? அவன் சிற்றப்பன், பெரியப்பன், மாமன், மைத்துனன், மருமகன் என உறவினர் பட்டியலே நீள்கின்றது. ஓட்டையை ஒவ்வொன்றாகக் கண்டு அடைத்தவர் எழுதிய விதி இது என்பதில் ஐயமில்லை.

இனி, யாம் கூறக் கருதியது முப்பதின்மர் அமைந்தபின் நிகழ்வதைப் பற்றியது. குடும்புக்கு ஒருவராக வந்தவருக்கு அவரவர் குடும்பை ஒப்படைக்கவில்லை. அவருள் தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் முன்னர்ச் செய்து பழகியவரையும், கல்வியாலும் வயதாலும் முதிர்ந்தவரையும் பன்னிருவராகச் சம்வத்சர வாரியத்தில் அமர்த்தினர். எஞ்சியவருள் பன்னிருவர் தோட்ட வாரியம். அறுவர் ஏரி வாரியம். பன்னிரண்டும் பன்னிரண்டும் ஆறும் முப்பதாதல் காண்க. குடும்பின் பெயரால் உள்ளே நுழைந்தவன், 360 நாளும் முழு ஊரின் ஏரிக்கோ தோட்டத்துக்கோ கணக்கு வைப்பவனாய் ஆனான். குற்றம் கண்டபொழுதே அவனை விலக்கவும் விதி இருந்தது. பொன் வாரியத்துக்கும் பஞ்சவார வாரியத்துக்கும் அறுவர் அறுவரே வேண்டும். முப்பது குடும்புக்கும் அங்கே இடமில்லை. அதற்கும் வழி கண்டனர்: இவ்வாண்டு இடம் பெற்ற குடும்புகளை மறு ஆண்டில் நீக்கி, ஏனைய குடும்புகளினின்றே எடுத்தனர். பகுதிவாரியாக ஆள் எடுக்கும் சபை எதுவாயினும், எல்லாப் பகுதிக்கும் ஒருங்கே இடமில்லாதபொழுது செய்யத்தக்கது இம்முறைமாற்று ஒன்றே என்பது எம் கருத்து.

இத்துணைச் சிறப்பினும் ஒரு பெருங்குறை உண்டு. அதனை மறைத்துப் பேசுதல் வரலாறு ஆகாது. உத்தரமேரூர் சதுர்வேதிமங்கலம். குடத்தில் விழுந்த பெயர் எல்லாம் நிலமுடைய பிராமணர் பெயரே. அதே ஊரில் உழுதவர், நெய்தவர், கொல்லர், தச்சர், ஏரியின் சேற்றைத் தலையிற் சுமந்தவர் ஆகியோர் பெயர் ஒன்றும் அக்குடத்தில் விழுந்ததில்லை. பெண்டிர் பெயரும் இல்லை. நம்போன்றோர் முன்னோர் அம்மண்டபத்துக்கு வெளியே நின்றிருப்பர்.

அக்குடத்தின் வாய் அகன்ற கதை நெடிது. சென்னை மாநகராட்சி கும்பினியார் காலத்தில் 1688-இல் தொடங்கியது. எனினும் 1867-ஆம் ஆண்டுச் சட்டமே நகரை எட்டு வார்டுகளாக வகுத்து, வார்டுக்கு நால்வராக 32 கமிஷனர்களை வைத்தது. அவர்களையும் அரசாங்கமே நியமித்தது. 1878-இல் பாதிப் பேரை வரி கொடுப்போர் தெரிந்தெடுக்கலாயினர். 1919-ஆம் ஆண்டுச் சட்டத்தின்பின் உறுப்பினர் 50 ஆயினர். 1920-இல் தியாகராயச் செட்டியார் சபைத் தலைவராகத் தெரிந்தெடுக்கப்பெற்றார். அச்சட்டம் சபையை வார்டுக்காரர் கூட்டமாக மட்டும் விடாமல், நிலைக்குழுக்களையும் அமைத்தது. உத்தரமேரூர் வாரியத்தின் வேலையைப் புதுப்பெயரில் இவை செய்தன என்னலாம்.

1992-ஆம் ஆண்டின் 74-ஆம் அரசியலமைப்புத் திருத்தம் நகராட்சி இடங்களை வார்டுவாரி நேர்த்தேர்தலால் நிரப்ப விதித்தது; ஆதிதிராவிடர்க்கும் பழங்குடியினர்க்கும் மக்கள் தொகைக்கு ஏற்பவும், பெண்டிர்க்கு மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமலும் இடம் ஒதுக்கிற்று. தமிழ்நாட்டில் 2016-ஆம் ஆண்டுச் சட்டம் பெண்டிர் பங்கைப் பாதியாக்கியது. ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் ஒன்றாக்கி 2021-இல் அமைத்த தாம்பரம் மாநகராட்சிக்கு 70 வார்டுகள். 2022-இல் அதன் முதல் மேயர் பதவியே ஆதிதிராவிடப் பெண்டிர்க்கு ஒதுக்கப்பெற்றது. 921-இல் குடத்தைச் சுமந்து நின்ற நம்பியார்க்கு இதனை யாரேனும் உரைத்திருப்பின் நம்பியிருப்பாரோ?

ஆகவே குடத்தில் விழும் பெயரைப் பொறுத்தமட்டில் நாம் உத்தரமேரூரை வென்றோம். வாரியத்தைப் பொறுத்தமட்டில் அங்ஙனம் கூற எமக்குத் துணிவில்லை. யாம் முன்னர்க் குடியிருந்த ஓர் ஊரில், இரண்டு வார்டுகளின் எல்லையான தெருவில் கழிவுநீர்க் கால்வாய் அடைத்துக்கொண்டது. இக்கரை உறுப்பினரிடம் சென்றால், "அடைப்பு அக்கரையில்" என்றார். அக்கரையார், "நீர் வருவது இக்கரையிலிருந்து" என்றார். இருவரும் நல்லவர்; எம்மை அமரச் செய்து மோர் கொடுத்தனர். கால்வாய் மட்டும் ஐப்பசி முடியுமளவும் அப்படியே கிடந்தது.

கால்வாய்க்கே இப்படியாயின் ஏரிக்கு என்ன கூறுவது? நந்திவரம் ஏரியின் மிகுநீர் அடையாற்றுப் பக்கம் இறங்குங்கால், வார்டு எண்ணைப் பார்த்து இறங்குவதில்லை. 2015-ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் முடிச்சூரிலும் வரதராசபுரத்திலும் வீடுகள் மூழ்கியதை நாம் அறிவோம். அந்நீரில் மேட்டூர்களின் ஏரிநீரும் கலந்தே வந்தது. நகராட்சிக்கு நியமனக் குழு உண்டு. ஒப்பந்தக் குழு உண்டு. வரி மேல்முறையீட்டுக் குழு உண்டு. ஏரிக்குழு என்று ஒன்றைக் காணோம். பெரிய ஏரிகள் பல நீர்வளத் துறையின் கையில் உள்ளன. வார்டு உறுப்பினர் கையில் தெருவிளக்கு உள்ளது. 2022-இல் வார்டு குழுவுக்கும் பகுதிச் சபைக்கும் விதிகள் வந்தன; அவ்வாண்டு நவம்பர் 1-ஆம் நாள் பம்மலில் கூடிய பகுதிச் சபைக்கு முதலமைச்சரே வந்தார். தெருவார் தம் குறையை நேரே உரைக்கும் இவ்வேற்பாட்டை யாம் வரவேற்கின்றோம். ஆயினும் அது வார்டை மேலும் சிறிதாக்குவது. வார்டைக் கடந்து ஓடும் நீரைப் பார்ப்பார் வேறு வேண்டும்.

சென்ற மழைக்காலம் கழிந்தபின், வினவிய அப்பிள்ளையையும் அவன் தோழரையும் உத்தரமேரூருக்கு அழைத்துச் சென்றோம். சுவரெழுத்தைத் தடவிப் பார்த்தனர். "குடும்பு" என்னும் சொல்லை ஒருவன் தானே கண்டுபிடித்தான். பின்னர் ஏரிக்கரைக்குச் சென்றோம். வைரமேகத் தடாகம் என்று பல்லவர் காலக் கல்வெட்டுகள் கூறும் ஏரி அது. நீர் நிரம்பி நின்றது. அதில் தூர் எடுப்பதற்கென்று பொன் வைத்தாரைப் பற்றியும், அப்பொன்னைச் சபையார் காத்த வகையைப் பற்றியும் அவ்வூர்க் கல்வெட்டுகளில் செய்திகள் உள. இடமின்மையால் அவற்றை ஈண்டு விரித்திலம். வரும் திங்கள் இதழில் எழுதுவோம்.