இடஞ்சுட்டி நிற்குமிடம்: தட்டச்சுப்பொறி முதல் இணையத் தொகுப்பான் வரை தமிழ் எழுத்தின் எல்லை

முன்னுரை

கணினித் திரையில் இமைத்து நிற்கும் மெல்லிய கோட்டினைக் கர்சர் என்றும் இடஞ்சுட்டி என்றும் வழங்குகிறோம். அடுத்து வரும் எழுத்து எவ்விடத்தில் அமையும், அழிக்க முற்பட்டால் எது மறையும் என்பனவற்றை அக்கோடே அறிவிக்கின்றது. தமிழில் அக்கோடு நிற்கத்தக்க இடங்கள் யாவை என்பது தொழில்நுட்ப வல்லுநர் மட்டுமே விடை கூறத்தக்க வினாவன்று. அது இரண்டு எழுத்துகளுக்கு இடையில்தான் நிற்கவேண்டும் எனின், எழுத்து என்பது யாது என்பதனை முதற்கண் வரையறுத்தல் வேண்டும்.

அவ்வரையறையைத் தட்டச்சுப்பொறி ஒருவகையாகவும், தொடக்கக் காலக் கணினிக் குறியேற்றங்கள் வேறொரு வகையாகவும், ஒருங்குறி மற்றொரு வகையாகவும் செய்துள்ளன. தடித்த எழுத்து, வண்ணம், பத்தியமைப்பு ஆகியவற்றோடு உலாவிக்குள்ளேயே எழுத உதவும் இணையத் தொகுப்பான்கள் இம்மூன்றன் எச்சங்களையும் சுமந்து நிற்கின்றன. இவ்வரலாற்றை ஆராய்ந்து, தமிழாசிரியர்க்கு இதில் உள்ள பொறுப்பினைச் சுட்டுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கோலாலம்பூரின் தென்கிழக்கே அமைந்த செராஸ் என்னும் ஊர்ப்பெயரையே சான்றாகக் கொள்வோம். தமிழ் மாணவர் எவரும் இதில் செ, ரா, ஸ் என மூன்று எழுத்துகளைக் காண்பர். கணினியோ ச, எகரக்குறி, ர, ஆகாரக்குறி, ஸ, புள்ளி என ஆறு குறிகளை எண்ணுகின்றது. மாணவர் கணக்கில் இடஞ்சுட்டி நிற்கத்தக்க இடங்கள், முன்னும் பின்னும் உட்பட, நான்கு. கணினியின் கணக்கில் ஏழு. எஞ்சிய மூன்று இடங்களும் எழுத்தின் உள்ளே அமைந்தவை. நாம் ஆராயவிருக்கும் சிக்கல்கள் அனைத்தும் அம்மூன்று இடங்களிலிருந்தே பிறக்கின்றன.

நகரா விசை

தமிழ்த் தட்டச்சுப்பொறியின் தந்தை எனப் போற்றப்படும் ரா. முத்தையா யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவர். மலாயா, சிங்கப்பூர்ப் பகுதியில் பல்லாண்டுகள் வாழ்ந்தவர். இருநூற்று நாற்பத்தேழு எழுத்துகளை ஒரு சிறு விசைப்பலகையில் அடக்குவதற்கு அவர் கைக்கொண்ட வழிகளுள் தலையாயது நகரா விசையாகும். புள்ளி போன்ற குறிகளுக்குரிய விசையை அழுத்தும்போது குறி தாளில் பதியும்; தாளைத் தாங்கிய உருளை நகராது. அடுத்து மெய்யெழுத்தின் வடிவத்தை அழுத்தியவுடன் அது அதே இடத்தில் பதிந்து உருளை நகரும்.

இங்கு இடஞ்சுட்டியின் பணியினை உருளையின் நிலையே செய்தது. அது கண்ணுக்குப் புலனாகும் வடிவத்தை அளவாகக் கொண்டது. 'க்' என எழுதப் புள்ளி முன்னும் ககரம் பின்னும் அழுத்தப்பட்டன. 'கொ' என எழுத ஒற்றைக்கொம்பு, ககரம், கால் என மூன்று அழுத்தங்கள் தேவைப்பட்டன. ஒலிப்பில் மெய் முன்னும் உயிர் பின்னும் வருவதை இப்பொறி கருத்திற் கொள்ளவில்லை. கொள்ளவேண்டிய தேவையும் அதற்கில்லை. தாளில் பதிந்தபின் அந்த எழுத்துக்குள் மீண்டும் நுழைந்து திருத்தம் செய்பவர் எவருமில்லை.

வடிவவழிக் குறியேற்றங்கள்

கணினி வந்தபோது இந்நிலை மாறியது. எழுதியவற்றுள் எவ்விடத்தும் மீண்டும் நுழைந்து சேர்க்கவும் நீக்கவும் இயன்றது. எனினும், தொடக்கக் காலத் தமிழ்க் குறியேற்றங்கள் தட்டச்சுப்பொறியின் வடிவவரிசையையே பின்பற்றின. இணையவழிக் கலந்துரையாடல்களால் 1990களின் இறுதியில் உருப்பெற்ற திஸ்கி இதற்குத் தக்க சான்றாகும். அதில் 'கு' ஓரிடம் பெறும். 'க்' ஓரிடம் பெறும். 'கி' இரண்டு இடங்களும் 'கொ' மூன்று இடங்களும் பெறும். ஆகவே உயிர்மெய் என்னும் ஒரே இனத்தைச் சேர்ந்த எழுத்துகளை இடஞ்சுட்டி சிலபோது ஒரே தாவலில் கடந்தது; சிலபோது மும்முறை அடியெடுத்துக் கடந்தது. ஒற்றைக்கொம்புக்கும் ககரத்துக்கும் இடையில் அது நின்றபோது, அவ்விடம் இலக்கணத்தில் பெயரற்ற ஓர் இடமாக இருந்தது.

இக்காலப்பகுதியில் மலேசியாவின் பங்கு குறிப்பிடத்தக்கது. 1980களின் நடுப்பகுதியில் முத்து நெடுமாறன் உருவாக்கத் தொடங்கிய முரசு மென்பொருளும், 1990களில் பரவிய முரசு அஞ்சலும் கோலாலம்பூரிலிருந்து தமிழுலகெங்கும் சென்றன. அஞ்சல் விசைமுறையில் ஒலிக்கேற்ப உரோமன் விசைகளை அழுத்தினால், முதலில் 'க்' தோன்றி, அடுத்து உயிர் சேர்ந்தவுடன் 'கொ' என மாறும். 1999ஆம் ஆண்டு பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழிணையம் 99 மாநாட்டின் பயனாகத் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையோ 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம் என 31 எழுத்துகளை அடிப்படையாகக் கொண்டது. அதில் ககரத்தை இருமுறை அழுத்தினால் முன்னதன்மேல் புள்ளி தானே அமைந்து 'க்க' என வரும்.

இவ்விரு முறைகளுக்கும் பொதுவான பண்பு ஒன்றுண்டு. விசைப்பலகை தன் பணியைச் செய்ய, இடஞ்சுட்டிக்கு இடப்புறம் உள்ளது யாது என அறிந்திருத்தல் வேண்டும். அறிந்ததோடன்றி அதனைத் திருத்தியமைக்கவும் வேண்டும். பயனர் இடையில் சுட்டெலியால் வேறிடம் சென்று தட்டினால், விசைப்பலகை நினைவிற் கொண்டிருக்கும் முன்னெழுத்து ஒன்றாகவும் உண்மையில் அங்குள்ள முன்னெழுத்து மற்றொன்றாகவும் இருத்தல் கூடும். வேண்டாத புள்ளிகள் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

ஒருங்குறியும் ஒலிவரிசையும்

1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட பகுதி ஒதுக்கப்பட்டது. இந்தியாவின் இஸ்கி தரத்தை அடியொற்றிய அவ்வமைப்பில் எழுத்துகள் வடிவவரிசையில் அன்றி ஒலிவரிசையில் சேமிக்கப்படுகின்றன. 'கெ' எனத் திரையில் கொம்பு முன்னே தோன்றினும், நினைவகத்தில் ககரமே முன்னிற்கும். உயிர்மெய்யில் மெய் முன்னும் உயிர் பின்னும் ஒலிக்கும் எனத் தொல்காப்பிய நூன்மரபு கூறும் நெறியோடு இவ்வரிசை ஒத்துச் செல்கின்றது.

ஆயின் ஒருங்குறி முற்றிலும் தமிழ் இலக்கண நெறிப்பட்டதன்று. தமிழ் மரபில் மெய் தனித்தியங்கும் அடிப்படை எழுத்து. அகரம் சேர்ந்தே அது ககரமாகின்றது. ஒருங்குறியிலோ அகரமேறிய ககரமே அடிப்படை. புள்ளி அவ்வகரத்தை நீக்கும் குறி. இதனால் 'க' ஒரு குறியாகவும் 'க்' இரண்டு குறிகளாகவும் அமைகின்றன. அனைத்து எழுத்துகளுக்கும் தனித்தனி இடம் தரும் டேஸ்-16 குறியேற்றத்தை ஒருங்குறியோடு சேர்த்துத் தமிழக அரசு 2010இல் ஏற்றமைக்கு இத்தகைய குறைபாடுகளே பின்னணியாயின. எனினும் உலாவிகளும் இயங்குதளங்களும் ஒருங்குறியையே கைக்கொண்டன.

இதன்பின், எழுத்தின் எல்லையைக் குறிகளின் மேல் தனி விதியாக வகுக்கவேண்டிய தேவை எழுந்தது. ஒருங்குறியின் 29ஆம் இணைப்பாவணம் இப்பணியைச் செய்கின்றது. முன்னைய விதியின்படி 'நி' என்பது பிரிக்கத்தக்க இரண்டாகவே கருதப்பட்டது. 2008இல் ஒருங்குறி 5.1 விரிவுபடுத்திய எழுத்துத்தொகுதி என்னும் கருத்தை அறிமுகப்படுத்திய பின்னரே அது ஒன்றாயிற்று. அவ்வாவணம் இம்மாற்றத்தை விளக்க எடுத்துக்கொண்ட சான்றுகளுள் தமிழ் 'நி'யும் ஒன்றாக இருப்பது நம் கவனத்திற்குரியது. இன்றும் 'க்ஷ' அவ்விதியில் இரண்டாகவே எண்ணப்படுகின்றது. 2023இல் வெளிவந்த 15.1ஆம் பதிப்பு தேவநாகரி, மலையாளம் உள்ளிட்ட சில எழுத்துமுறைகளின் கூட்டெழுத்துகளை ஒன்றெனக் கொண்டது. தமிழை அப்பட்டியலில் சேர்க்கவில்லை.

உலாவிக்குள் வந்த தொகுப்பான்

2000ஆம் ஆண்டில் மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5.5, இணையப் பக்கத்தின் ஒரு பகுதியையே எழுதும் தாளாக மாற்றும் வசதியைத் தந்தது. பின்னர் ஏனைய உலாவிகளும் அதனைப் பின்பற்றின. இவ்வமைப்பில் பத்தி என்பது தொடர்ந்த ஓர் எழுத்துவரிசையன்று. தடித்த சொல் ஒரு கணு, வண்ணச் சொல் மற்றொரு கணு எனக் கிளைத்த மரமாக அது அமைகின்றது. இடஞ்சுட்டியின் நிலை 'இன்ன கணுவில் இத்தனையாவது இடம்' என்றே குறிக்கப்படுகின்றது. அந்த எண்ணிக்கையோ எழுத்துகளால் ஆனதன்று. ஜாவாஸ்கிரிப்ட் மொழி கையாளும் யு.டி.எஃப்-16 அலகுகளால் ஆனது.

தொகுப்பான் ஒரு பத்தியைத் திருத்தி மீண்டும் எழுதும்போது பழைய கணுக்கள் அழிந்து புதியன தோன்றுகின்றன. இடஞ்சுட்டி பற்றியிருந்த கணு மறைந்தமையால் அது பத்தியின் தலைக்கோ வேறிடத்துக்கோ தாவி விடுகின்றது. இதனைத் தவிர்க்கத் தொகுப்பான் பத்தித் தொடக்கத்திலிருந்து இடஞ்சுட்டி வரையுள்ள தொலைவை எண்ணி வைத்து, எழுதி முடித்தபின் அவ்விடத்தில் அதனை மீள நிறுத்தும். 2010இல் கூகுள் டாக்ஸ் உலாவியின் எழுதுவசதியைச் சார்ந்திராமல், எழுத்துகளின் இடத்தைத் தானே அளந்து இடஞ்சுட்டியைத் தானே வரையும் முறைக்கு மாறியதற்கு, உலாவிகளின் நடத்தை தம்முள் வேறுபட்டமை ஒரு முதன்மைக் காரணமாகும்.

தொலைவை எண்ணி மீட்கும் முறை தமிழில் எங்ஙனம் பிழைபடும் எனக் காண்போம். ஓகாரக்குறியை ஒருங்குறியில் ஒரே குறியாகவும் எழுதலாம். இரட்டைக்கொம்பும் காலும் என இரு குறிகளாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடு தோன்றாது. 'கோலாலம்பூர் செராஸ்' என்னும் தொடரின் முதலெழுத்து இருகுறி வடிவில் உள்ளதெனவும், இடஞ்சுட்டி 'செ'யின் பின் நிற்கிறதெனவும் கொள்வோம். தொலைவு 15. தொகுப்பான் அதனைச் சீராக்கி ஒருகுறி வடிவில் மீண்டும் எழுதினால் உரிய தொலைவு 14 ஆகும். பழைய எண்ணைக் கொண்டு மீட்டால் இடஞ்சுட்டி ரகரத்துக்கும் அதன் காலுக்கும் நடுவே விழும். அங்கு லகரத்தைத் தட்டினால் 'செரலாஸ்' என வரும். எழுதியவர் தம் கையையே ஐயுறுவார். பிழையோ எண்ணும் அலகில் உள்ளது.

வகுப்பறையில் இதன் விளைவு

மலேசியாவில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இயங்குகின்றன. 2020 மார்ச் மாதத்தில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபின் பாடங்களும் பயிற்சிகளும் இணையத்துக்குப் பெயர்ந்தன. தாளில் எழுதிப் பழகிய மாணவரும் செந்நிற மையால் திருத்திப் பழகிய ஆசிரியரும் இணையத் தொகுப்பானில் சந்திக்கலாயினர்.

உயிர்மெய்யில் உயிர்க்குறியை மட்டும் செந்நிறமாக்கிக் காட்டுவது தொடக்க வகுப்பாசிரியரின் நெடுநாள் வழக்கம். தொகுப்பானில் அதனைச் செய்ய முற்பட்டால் எழுத்தின் நடுவே ஒரு கணு எல்லை புகுகின்றது. கொம்பு இடம்பெயர முடியாமல், மெய்க்குப் பின்னே புள்ளிவட்டத்தோடு தனித்து நிற்கும் நிலை இதனால் நேர்தல் கூடும். எழுத்தெண்ணிக்கை கேட்கும் பயிற்சியில் 'மலேசியா' நான்கெழுத்து என எழுதிய மாணவரின் விடையை, ஏழு என எண்ணும் நிரல் தவறெனக் காட்டக்கூடும். 'கௌ' என்பதும் ககரத்தோடு கொம்பும் ளகரமும் சேர்ந்த 'கெள' என்பதும் பல எழுத்துருக்களில் ஒன்றுபோலத் தோன்றும். முன்னதை இடஞ்சுட்டி ஒரு தாவலில் கடக்கும். பின்னதை இரு தாவல்களில் கடக்கும். கண்ணால் காணவியலாத எழுத்துப்பிழையை இடஞ்சுட்டியின் நடை காட்டிக்கொடுப்பதை ஆசிரியர் ஒரு கற்பித்தல் உத்தியாகவே பயன்படுத்தலாம்.

அழிக்கும் விசைகள் பற்றியும் ஒரு கருத்து உரியது. பல மென்பொருள்களில் அம்புக்குறி விசை முழு எழுத்தைக் கடக்கின்றது. டிலீட் விசை முழு எழுத்தை நீக்குகின்றது. பேக்ஸ்பேஸ் விசையோ இறுதிக் குறியை மட்டும் நீக்குகின்றது. இதனை முரண்பாடெனக் கருதுவாருளர். நம் இலக்கணத்தை நோக்கின் இவ்விரு நோக்குகளும் அங்கேயே உள்ளன. செய்யுளில் அசை பிரிக்கும்போது உயிர்மெய் ஓரெழுத்து. புணர்ச்சியிலோ, உயிர்மெய்யில் முடியும் சொல்லை உயிரீற்றுச் சொல்லாகவே தொல்காப்பியப் புணரியல் கொள்கின்றது. அங்கு உயிர்மெய் இரண்டாகப் பிரிகின்றது. அம்புக்குறி விசை முன்னதையும் பேக்ஸ்பேஸ் விசை பின்னதையும் ஒட்டி நடப்பதாகக் கொள்ளலாம். 'தீ' எனத் தவறாகத் தட்டியவர் குறியை மட்டும் நீக்கித் 'தி' எனத் திருத்த இயல்வது பயனுடையதே. வேறுபாடு ஒன்றே: 'கடலோரம்' என்பதில் ஓகாரத்தைப் பிரித்தால் இலக்கணத்தில் எஞ்சுவது 'ல்', ஒருங்குறியில் எஞ்சுவது 'ல'.

முடிவுரை

தட்டச்சுப்பொறி வடிவத்தை எழுத்தெனக் கொண்டது. தொடக்கக் காலக் குறியேற்றங்கள் அதனையே தொடர்ந்தன. ஒருங்குறி ஒலிவரிசையைக் கொண்டு, எழுத்தின் எல்லையைப் பின்னர் விதியாக வகுத்தது. எழுத்துத்தொகுதி எல்லைகளைக் கண்டறியும் கருவி இப்போது ஜாவாஸ்கிரிப்ட் மொழியிலேயே உள்ளது. 2024இல் பயர்ஃபாக்ஸும் அதனை ஏற்றபின் முதன்மை உலாவிகள் அனைத்திலும் கிடைக்கின்றது. எனவே, இடஞ்சுட்டியை எழுத்தின் எல்லையில் மட்டும் நிறுத்துதல், தொலைவை எண்ணுமுன் உரையைச் சீராக்குதல், எழுத்தெண்ணிக்கையை எழுத்தாலேயே எண்ணுதல், ஓரெழுத்தின் நடுவே வடிவமைப்பு எல்லை புகாது காத்தல் ஆகிய நான்கும் இன்று இயலாதன அல்ல.

இயலாதது, எது எழுத்து என்பதை நிரலாளர் தாமே முடிவுசெய்வது. 'க்ஷ' ஒன்றா இரண்டா, பேக்ஸ்பேஸ் விசைக்குப் பின் எஞ்சவேண்டியது மெய்யா அகரமேறிய மெய்யா என்பன இலக்கணம் கற்றோர் கூறவேண்டிய விடைகள். 2001இலும் 2013இலும் தமிழிணைய மாநாடுகள் கோலாலம்பூரில் கூடின. 2013ஆம் ஆண்டு மாநாடு மலாயாப் பல்கலைக்கழகத்திலேயே நிகழ்ந்தது. கணினியரும் தமிழறிஞரும் ஒரே அவையில் அமரும் மரபு இந்நாட்டில் உண்டு. பள்ளிக்கென ஒரு தொகுப்பானைத் தெரிவுசெய்யும் தமிழாசிரியர் முதலில் அதில் 'செராஸ்' எனத் தட்டி, அம்புக்குறி விசையை மும்முறை அழுத்திப் பார்ப்பாராக. மூன்றாம் அழுத்தத்தில் சொல்லின் மறுமுனையை அடையாத கருவியை, அதன் ஏனைய வசதிகள் எத்துணைப் பெரியனவாயினும், நம் மாணவர் கையில் தருமுன் நாம் ஒருமுறை எண்ணிப் பார்த்தல் தகும்.