கட்டணத் தேடல் விளம்பரத்தின் வரலாறு

கட்டணத் தேடல் விளம்பரம் என்பது, தேடுபொறியில் ஒருவர் ஒரு சொல்லைத் தேடும்போது, அச்சொல்லுக்காகப் பணம் கட்டியவரின் அறிவிப்பைத் தேடல் முடிவுகளோடு சேர்த்துக் காட்டும் முறையாகும். பெரும்பாலும் விளம்பரம் காட்டப்படுவதற்குக் கட்டணம் இல்லை. அதை ஒருவர் சொடுக்கினால்தான் கட்டணம். இன்று ஒரு சிறு கடைக்காரர்கூட வீட்டிலிருந்தபடியே இத்தகைய விளம்பரத்தைத் தொடங்கிவிடலாம். ஆனால் புதிதாகக் கற்பவர் செய்யும் ஒவ்வொரு தவறும் அவர் கணக்கிலிருந்து பணமாகக் கழிகிறது. அவரைக் குழப்பும் விதிகள் பலவும் ஏதோ ஒரு பழைய சிக்கலுக்குத் தீர்வாக வந்தவை. அந்தச் சிக்கலை அறிந்தால் விதி எளிதில் விளங்கும்.

தொடக்கக் காலம்

1994 அக்டோபரில் ஹாட்வயர்ட் என்ற அமெரிக்க இணைய இதழ் பட்டை வடிவ விளம்பரங்களை வெளியிட்டது. ஏடி அண்ட் டி நிறுவனத்தின் விளம்பரம் அவற்றுள் ஒன்று. அக்காலத்தில் அச்சு இதழ்களைப் பின்பற்றி, ஆயிரம் முறை காட்டுவதற்கு இவ்வளவு என்று விலை பேசப்பட்டது. பார்ப்பவருக்கு அப்பொருள் தேவையா என்பது கணக்கில் வரவில்லை.

தேடுபொறிகளுக்கோ வேறொரு தொல்லை இருந்தது. ஒரு பக்கத்தில் ஒரு சொல் எத்தனை முறை வருகிறது என்பதைப் பெரிதாகக் கொண்டு அவை வரிசைப்படுத்தின. அதனால் பலர் தம் பக்கங்களில் கண்ணுக்குத் தெரியாதபடி தொடர்பற்ற சொற்களை நிரப்பி முதலிடம் பிடித்தனர். 1996இல் கனடாவின் ஓப்பன் டெக்ஸ்ட் தேடுபொறி முன்னிடங்களைப் பணத்துக்கு விற்க முயன்றது. எதிர்ப்பு எழவே அத்திட்டம் கைவிடப்பட்டது.

கோடூ நிறுவனமும் ஏலமும்

கலிபோர்னியாவின் பாசடீனா நகரில் ஐடியாலேப் என்ற நிறுவனத்தை நடத்திவந்த பில் குரோஸ், 1998இல் கோடூ.காம் என்ற தேடுபொறியைத் தொடங்கினார். முன்னிடத்துக்குப் பணம் கட்டவேண்டும் என்றால், தொடர்பற்றவர்கள் தாமே விலகிவிடுவார்கள் என்பது அவர் எண்ணம். ஒவ்வொரு சொல்லும் ஏலத்துக்கு வந்தது. ஒரு சொடுக்குக்கு 1 சென்ட் முதல் ஏலம் கேட்கலாம். அதிகம் கேட்டவர் மேலே வந்தார். யார் எவ்வளவு தருகிறார் என்பதும் முடிவுகளுக்கு அருகிலேயே அச்சிடப்பட்டது.

இம்முறையில் ஒரு குறை இருந்தது. வென்றவர் தாம் கேட்ட தொகையை முழுவதுமாகக் கட்டவேண்டும். ஒருவர் 40 சென்ட் கேட்டு, அடுத்தவர் 20 சென்ட் கேட்டிருந்தால், முதலாமவர் 21 சென்ட்டிலேயே முதலிடத்தில் நின்றிருக்கலாம். ஆகவே அவர் தொகையைக் குறைப்பார். இரண்டாமவர் 22 கேட்பார். முதலாமவர் 23 கேட்பார். இப்படி ஏறி, கட்டுப்படியாகாத நிலையில் ஒருவர் விலக, தொகை மீண்டும் சரியும். இந்த ஏற்ற இறக்கத்தைக் கவனிப்பதற்கென்றே மென்பொருள்கள் வந்தன. கோடூ 2001இல் ஓவர்ச்சர் எனப் பெயர் மாற்றிக்கொண்டது. 2003இல் ஏறத்தாழ 160 கோடி டாலருக்கு யாகூ அதை வாங்கியது.

கூகுளின் மாற்றம்

கூகுளை நிறுவிய லாரி பேஜும் செர்கே பிரினும் 1998இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில், விளம்பரத்தால் வாழும் தேடுபொறி பயனரை விட்டு விளம்பரதாரர் பக்கமே சாயும் என்று எழுதியிருந்தனர். ஆனால் நிறுவனத்துக்கு வருமானம் தேவைப்பட்டது. 2000 அக்டோபர் 23 அன்று 350 விளம்பரதாரர்களுடன் ஆட்வேர்ட்ஸ் தொடங்கியது. கடன் அட்டை வைத்திருக்கும் எவரும் விற்பனை முகவரின் உதவியின்றித் தாமே விளம்பரம் தரலாம் என்பதே அதன் புதுமை. எனினும் கட்டணம் பழையபடி ஆயிரம் காட்சிகளுக்கே பெறப்பட்டது.

2002 பிப்ரவரியில் இம்முறை மாற்றப்பட்டது. கூகுளும் சொடுக்குக்கு ஏலம் விட்டது. ஆனால் இரண்டு திருத்தங்களைச் செய்தது. முதலாவது, ஏலத்தொகையோடு விளம்பரம் சொடுக்கப்படும் விகிதமும் சேர்த்துப் பார்க்கப்பட்டது. இரண்டாவது, வென்றவர் தமக்குக் கீழே உள்ளவரை வெல்லத் தேவையான தொகையை மட்டும் கட்டினால் போதும்.

இதை ஒரு கணக்கால் விளக்கலாம். முதல் கடை 40 சென்ட் கேட்கிறது. அதன் விளம்பரத்தை 100 பேரில் ஒருவர் சொடுக்குகிறார். இரண்டாம் கடை 25 சென்ட்தான் கேட்கிறது. ஆனால் 100 பேரில் 2 பேர் சொடுக்குகின்றனர். 100 முறை காட்டினால் முதல் கடையால் 40 சென்ட், இரண்டாம் கடையால் 50 சென்ட் என்பது கணக்கு. எனவே குறைவாகக் கேட்ட இரண்டாம் கடையே மேலே வரும். அது முதல் கடையின் 40ஐ எட்ட, சொடுக்குக்கு 20 சென்ட் போதும். கட்டுவதும் அதற்குச் சற்றே மேல்தான்.

தேடுபவருக்குப் பொருத்தமாக எழுதப்பட்ட விளம்பரத்துக்குச் செலவு குறைவு என்ற பாடம் இங்கிருந்து வருகிறது. 2005 முதல் இது தர மதிப்பெண் என்ற பெயரில் விரிவடைந்தது. சொடுக்கியவர் சென்று சேரும் பக்கமும் மதிப்பிடப்பட்டது. 2002இல் காப்புரிமை மீறல் என ஓவர்ச்சர் தொடுத்த வழக்கு, 2004இல் கூகுள் தன் 27 இலட்சம் பங்குகளை யாகூவுக்குத் தந்ததோடு முடிந்தது.

நம்பிக்கை தொடர்பான வழக்குகள்

எது விளம்பரம், எது இயல்பான முடிவு என்று தேடுபவருக்குத் தெரியவேண்டும். இதைத் தெளிவாகக் காட்டவில்லை என எட்டுத் தேடுபொறி நிறுவனங்கள் மீது 2001இல் ஒரு நுகர்வோர் அமைப்பு புகார் தந்தது. அமெரிக்கக் கூட்டரசு வணிக ஆணையம் 2002 சூனில், கட்டண முடிவுகளைத் தெளிவாக வேறுபடுத்திக் காட்டுமாறு தேடுபொறி நிறுவனங்களுக்குக் கடிதம் எழுதியது. விளம்பரங்களின்மேல் இன்று காணப்படும் அடையாளச் சொல்லின் பின்னணி இதுவே.

விளம்பரதாரருக்கும் ஒரு குறை இருந்தது. போட்டியாளர்களோ கணினி நிரல்களோ வேண்டுமென்றே சொடுக்கினால் பணம் வீணாகும். ஆர்கன்சாவின் ஒரு பரிசுப்பொருள் கடை தொடுத்த வழக்கில், 2006இல் கூகுள் 9 கோடி டாலர் அளவுக்கு இணக்கம் கண்டது. பொய்ச் சொடுக்குகளைக் கழிக்கும் முறைகள் அதன்பின் கூடுதல் கவனம் பெற்றன.

புதியவர் கவனிக்க வேண்டியவை

புதியவர் பெரும்பாலும் பணம் இழப்பது ஏலத்தில் அல்ல, சொல் தேர்வில்தான். புதிய சைக்கிள் விற்பவர் 'சைக்கிள்' என்ற சொல்லை விரிந்த பொருத்தத்தில் தந்தால், பழைய சைக்கிள் தேடுபவரும் சைக்கிள் பழுது பார்க்கக் கற்பவரும் அவ்விளம்பரத்தைக் காண்பர். அவர்கள் சொடுக்கினாலும் கட்டணம் உண்டு. ஆகவே 'பழைய', 'பழுது' போன்றவற்றை விலக்குச் சொற்களாகச் சேர்க்க வேண்டும். 2018 முதல் துல்லியப் பொருத்தம்கூட ஒத்த பொருள் தரும் பிற தேடல்களை ஏற்கிறது. எனவே மக்கள் உண்மையில் எதைத் தேடிச் சொடுக்கினர் என்ற அறிக்கையை அடிக்கடி படிப்பது அவசியம்.

அதே 2018இல் ஆட்வேர்ட்ஸ் தமிழ் விளம்பரங்களுக்கு இடம் தந்தது. கூகுள் ஆட்ஸ் என்ற பெயரும் பெற்றது. தமிழில் விளம்பரம் தருபவர் சைக்கிள், மிதிவண்டி என்ற இரு சொற்களையும், ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டச்சு செய்பவர்களையும் நினைவில் கொள்ளவேண்டும்.

ஏலம் விடுபவர் நடுநிலையானவர் என்று எண்ணிவிடக் கூடாது. 2024 ஆகஸ்டில் அமெரிக்கக் கூட்டரசு நீதிபதி அமித் மேத்தா, பொதுத் தேடலிலும் தேடல் உரை விளம்பரத்திலும் கூகுள் தன் முற்றுரிமையைச் சட்டத்துக்குப் புறம்பாகக் காத்துவந்தது எனத் தீர்ப்பளித்தார். போட்டிக்கு அஞ்சாமல் விளம்பர விலையை உயர்த்த அதனால் முடிந்தது என்றும் அத்தீர்ப்பு கண்டது. ஏல விதியை வகுப்பதும், செலவை உயர்த்தலாம் என்று கணக்குப் பக்கத்தில் பரிந்துரைப்பதும் ஒரே நிறுவனம்தான். ஒரு சொடுக்கால் தமக்கு எவ்வளவு வருமானம் வருகிறது என்பதைத் தாமே கணக்கிட்டு, நாள் வரம்பைச் சிறிதாக வைத்துத் தொடங்குபவரே கற்கும் காலத்தில் பெரிய இழப்பைத் தவிர்ப்பார்.